டார்ச் நகலா என்பது இருக்கட்டும், பெட்டிமேல் போட்ட எண் நிஜமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்துக்கு டார்ச் லைட் வாங்குவது பற்றி நம் பேப்பரில் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். சீனாவிலிருந்து வரும் மலிவு டார்ச் எல்லாமே அடுத்தவன் வடிவத்தைப் பார்த்துச் செய்தவை, வடிவத்தைத் திருடுகிறவனிடம் நாணயம் எங்கிருந்து வரும், அதனால் பெரிய பிராண்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, பாதி எனக்கும் உண்டு. ஆனால் நகல் அடித்தானா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்தால், உண்மையில் ஏமாற்றுகிறவன் தப்பித்துவிடுகிறான். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூர், மாட்டுங்கா, சயான், தாராவி என்று மும்பையில் ஆளுக்கொரு மூலையில் இருக்கிற நாங்கள் ஒரு பத்துப் பதினைந்து தமிழர்கள் டார்ச் மேல் தீராத ஆசை உள்ளவர்கள். சிலர் மலையேறப் போகிறவர்கள். ராத்திரியில் கல்சுபாய் ஏறும்போதோ, கர்ஜத் பக்கத்திலிருந்து ராஜ்மாச்சிக்கு நடக்கும்போதோ கையில் இருக்கிற வெளிச்சத்தை நம்பித்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். சிலருக்கு மலை எல்லாம் கிடையாது, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது இடுப்பளவு தண்ணீரில் இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள், அன்றிலிருந்து பையில் டார்ச் இல்லாமல் வெளியே போவதில்லை. யாருக்கும் இது விளையாட்டுச் சாமான் கிடையாது.

எங்களுக்குள் சமீபமாகப் பெரிய சண்டை ஒரு மலிவு நிறுவனத்தைப் பற்றித்தான். ஷென்ஜென்னில் இருந்து வருகிற சரக்கு. பெயர் வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டார்ச் போட்டிருக்கிறார்கள்: 18650 என்கிற, சார்ஜ் செய்யக்கூடிய ஒரே ஒரு லித்தியம் செல், தலையில் நான்கு எல்.இ.டி., சூடு ஆறுவதற்குத் தலையைச் சுற்றி வரி வரியாக வெட்டு, பக்கவாட்டில் சுவிட்ச், பின்னால் காந்தம். பார்த்தவுடனே தெரிந்துவிடும், இது நாலைந்து பேர் வைத்து நடத்துகிற ஒரு சின்னப் பட்டறையின் டார்ச்சை அச்சு எடுத்த மாதிரி. வெட்டுகளின் எண்ணிக்கை கூட மாறவில்லை. விலை மட்டும் பாதி.

மாட்டுங்காவில் இருக்கிற மாமா ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கூட்டத்தில் மூத்தவர், அதைக் கையில் கூட வாங்கவில்லை. "ஒருத்தன் ராத்திரி பகலா உட்கார்ந்து வரைஞ்சதை இன்னொருத்தன் அப்படியே அச்சு போட்டு விக்கறான். நீ அவனுக்குக் காசு குடுத்தா அந்தச் சின்னப் பட்டறைக்காரன் அடுத்த டார்ச்சை எதுக்குடா வரையணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தாராவி 90 அடி சாலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு மாதிரி சொன்னார். "தம்பி, ஒரிஜினலான்னு கேட்டு எவன் வாரான்? எவ்வளவு தூரம் அடிக்கும்னுதான் கேக்கான். நான் பெட்டியில போட்டிருக்கதைப் படிச்சுச் சொல்லுதேன்." அண்ணாச்சி பொய் சொல்கிறவர் இல்லை. பெட்டிதான் பொய் சொல்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வடிவத்தை நகலெடுப்பது டார்ச் தொழிலில் நேற்று ஆரம்பித்தது இல்லை. அமெரிக்காவில் டோனி மாக்ளிக்காவின் மேக்லைட் 1979-ல் வந்தது, தலையைத் திருகினால் எரிகிற மினி மேக்லைட் 1984-ல் வந்தது. அந்த அலுமினியக் குழாயையும் கை வழுக்காமல் இருக்க உடம்பில் கீறிய கட்டங்களையும் பார்த்து உலகம் முழுக்கச் செய்தார்கள். நிறுவனம் சும்மா இருக்கவில்லை, வழக்கு மேல் வழக்கு போட்டது. ஐரோப்பாவில் அந்த வடிவத்தையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்யக் கேட்டது. மற்ற டார்ச்சுகளின் வடிவத்திலிருந்து வாங்குகிறவன் பிரித்து அறிகிற அளவுக்கு இது மாறுபடவில்லை என்ற முடிவுதான் 2004-ல் ஐரோப்பிய நீதிமன்றத்திலும் நிலைத்தது. குழாய் மாதிரி இருப்பது, முன்னால் தலை அகலமாக இருப்பது, இதெல்லாம் யாருக்கும் சொந்தம் இல்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஷ்யூர்ஃபயர் என்ற அமெரிக்க டார்ச் நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. அவர்களுடைய 6பி டார்ச்சில் பி60 என்று பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஒரு கட்டு இருக்கும், அதைக் கழற்றி வேறு போடலாம். குண்டு பல்பு காலம் அது, 65 லூமன் வெளிச்சம் (லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு), சி.ஆர்.123 என்ற சின்ன லித்தியம் செல் இரண்டில் ஒரு மணி நேரம். பிறகு சீனாவில் அல்ட்ராஃபயர் போன்ற பெயர்களில் அதே அளவுக்கு உடம்பும், அதே அளவுக்கு எல்.இ.டி. வைத்த கட்டும் செய்து மிகக் குறைந்த விலைக்கு விற்றார்கள். நகல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நகலால்தான் பி60 என்பது ஒரு பொது அளவு ஆனது. பழைய டார்ச்சைத் தூக்கிப் போடாமல் உள்ளே புது எல்.இ.டி. மாட்டிக்கொள்ள முடிந்தது, ஆர்வமுள்ள பையன்கள் தாங்களே சால்டர் பண்ணிப் பழக முடிந்தது. இன்று டார்ச்சைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களில் பலர் அந்த மலிவு நகலில் கை வைத்துப் பழகியவர்கள். அதையும் சொல்லாமல் நகல் என்றாலே தீட்டு என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது.

சட்டமும் வடிவத்துக்கு நிரந்தரச் சொந்தம் கொடுப்பதில்லை. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்கு 10 வருடம் பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5 வருடம், அதற்குமேல் கிடையாது.

ஆனால் மாமா சொன்ன விஷயம் வேறு. சந்தைக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகாத டார்ச், வழக்கு போடப் பணம் இல்லாத சின்னப் பட்டறை. பழைய பொது வடிவத்தை எடுப்பதும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். கேட்டுச் செய்திருக்கலாம், அல்லது கொஞ்சமாவது தன் யோசனையைச் சேர்த்திருக்கலாம். அடுத்தவன் வேலையை முறையாக எடுத்துப் பயன்படுத்த வழியே இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆண்ட்யூரில் என்று ஒரு டார்ச் மென்பொருள் இருக்கிறது, ஓர் ஆர்வலர் எழுதி ஜி.பி.எல். என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டது. எந்த நிறுவனமும் எடுத்துத் தன் டார்ச்சில் போட்டு விற்கலாம். முக்கியமாகக் கேட்பது, அதைப் போட்டு விற்றால் அதன் நிரலை, மாற்றம் செய்திருந்தால் மாற்றிய நிரலை, வாங்கியவருக்குக் காட்ட வேண்டும். இப்படி எடுப்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்த ஷென்ஜென் நிறுவனத்துக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

சரி, இதோடு நின்றிருந்தால் மாமா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று பேசிவிட்டுப் போயிருப்போம். என் மனம் உண்மையில் வெறுத்தது அவர்கள் வடிவத்தை எடுத்ததால் இல்லை.

முதலில் வந்த சரக்கில் நிச்சியா 519ஏ எல்.இ.டி. இருந்தது. நிறங்களை நன்றாகக் காட்டுகிற எல்.இ.டி. அது, நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல். ராத்திரி மலைப் பாதையில் காய்ந்த இலைக்கும் அதன் நடுவே சுருண்டு கிடப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் இந்த மாதிரி எல்.இ.டி. வேண்டும், வெறும் பிரகாசம் போதாது. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சரக்குத்தான் போனது, எல்லோரும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து அதே பெயர், அதே பெட்டி, அதே 519ஏ என்ற எழுத்து, உள்ளே வேறு எல்.இ.டி. கையைக் காட்டினால் தோல் நீலம் பூத்துத் தெரிகிறது. எங்களில் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டதற்கு, பிரகாசத்தில் மாற்றம் இல்லை, கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. பிரகாசத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

அந்தப் பெட்டியில் 3000 லூமன் என்று வேறு போட்டிருக்கிறது. செம்பூரில் ஒரு நண்பர் பி.வி.சி. குழாயும் எல்போவும் வைத்து, ஓர் ஓரத்தில், ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் பொருத்தி, அளவு தெரிந்த டார்ச்சை வைத்துச் சரிபார்த்து, லூமன் அளக்கிற ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். அதில் வைத்தால் போட்ட மாத்திரத்தில் 2000-ஐ ஒட்டி வருகிறது, 30 விநாடியில் 1500-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. இந்த 30 விநாடிக்கு ஒரு காரணம் உண்டு. எஃப்.எல்.1 என்று அமெரிக்காவில் 2009-ல் ஒரு தர அளவை கொண்டு வந்தார்கள், அதன்படி டார்ச் போட்டு 30 விநாடி ஆன பிறகுதான் லூமனை அளக்க வேண்டும். எரியும் நேரம் என்றால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. தூரம் என்றால் வெளிச்சம் கால் லக்ஸ் ஆகும்வரை, கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். யாரையும் இது கட்டாயப்படுத்தாது, ஆனால் அந்தக் குறியைப் பெட்டியில் போட்டால் இந்த முறைப்படி அளந்ததாக அர்த்தம். இவர்கள் பெட்டியிலும் அந்தக் குறி இருக்கிறது!

லாமிங்டன் ரோட்டிலும் மனீஷ் மார்க்கெட்டிலும் ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லி விற்கிற நகல் டார்ச்சுகளைப் பார்த்தால் இந்த நிறுவனமே தேவலை என்று தோன்றும். 10,000 லூமன், 10 கிலோமீட்டர் தூரம், ஒரே செல். இதை நம்பலாமா என்று யாரையும் கேட்க வேண்டாம், ஒரு பென்சில் இருந்தால் போதும். நல்ல 18650 செல்லில் பொதுவாக 3500 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர் மணி, செல்லின் கொள்ளளவு) சுற்றித்தான் வரும், 3.6 வோல்ட், பெருக்கினால் 12.6 வாட் மணி. சின்ன டார்ச்சில் ஒரு வாட்டுக்கு 100 லூமன் வெளியே வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். ஏழரை நிமிடத்தில் செல் காலி. அதற்குச் செல்லில் இருந்து கிட்டத்தட்ட 28 ஆம்பியர் இழுக்க வேண்டும், அதிகக் கொள்ளளவு செல்கள் 10 ஆம்பியர் தாங்கினால் பெரிது. அந்த 100 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். லாமிங்டன் ரோட்டில் சர்க்யூட் போர்டு ரிப்பேர் பண்ணுகிற சால்டரிங் அயர்னே 25 வாட்தான், அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு உங்கள் உள்ளங்கைக்குள். தூரக் கணக்கும் அப்படித்தான். ஒரே திசையில் வெளிச்சம் எவ்வளவு கூர்மையாகப் பாய்கிறது என்பதன் அளவு கேண்டெலா, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலா உள்ள டார்ச் 200 மீட்டர் அடிக்கும், அதுவே நல்ல டார்ச்தான். 10 கிலோமீட்டர் அடிக்க வேண்டும் என்றால் இரண்டரைக் கோடி கேண்டெலா வேண்டும். ஆர்வலர்களே சேர்ந்து வடிவமைத்துச் சீனாவில் செய்ய வைத்த பி.எல்.எஃப். ஜி.டி. என்ற பெரிய டார்ச், எட்டு செல், தலை மட்டும் 12 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், அதுவே சுமார் 10 லட்சம் கேண்டெலா, இரண்டு கிலோமீட்டர்தான்.

அந்த மார்க்கெட் பெட்டிகளில் 'க்ரீ டி6, அமெரிக்கா' என்றும் போட்டிருக்கும். டி6 என்பது க்ரீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் எக்ஸ்.எம்-எல் எல்.இ.டி.யைப் பிரகாசம் பார்த்துப் பிரிக்கிற ஒரு தரப் பிரிவு, அவ்வளவுதான். அந்த எல்.இ.டி. 3 ஆம்பியரில் ஏறத்தாழ 1000 லூமன் தரும். க்ரீ தன் எல்.இ.டி. தொழிலையே 2021-ல் விற்றுவிட்டது. ஒரே ஒரு எக்ஸ்.எம்-எல் வைத்து 10,000 லூமன் என்றால் எப்படி வரும்?

இதைவிடப் பெரிய கவலை செல். 9800 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட 18650 இப்போதும் விற்கிறார்கள், அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. நல்ல செல் 45 கிராமிலிருந்து 50 கிராம்வரை இருக்கும், வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள், இந்த 9800 செல் முப்பதைத் தாண்டினால் அதிகம். சிலவற்றைப் பிரித்தபோது உறைக்குள் ஒரு குட்டி செல்லும் மீதி இடத்தில் மாவு மாதிரிப் பொடியும் இருந்திருக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பதும் உண்டு. டார்ச்சின் வடிவம் யாருடையது என்பதால் யாருக்கும் கை வேகப் போவதில்லை, லித்தியம் செல்லில் பொய் சொன்னால் வேகும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது. இந்த மாதிரி செல்களுக்கு நம் நாட்டில் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு கட்டாயம், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் மேலே இருக்க வேண்டும். இறக்குமதிப் பெட்டி என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். இது எதுவும் இல்லாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மலிவு என்றால் பொய் என்றும் ஆகிவிடாது. கான்வாய் என்று ஒரு சீன நிறுவனம், அவர்களுடைய எஸ்2+ டார்ச் பார்ப்பதற்கு வெறும் அலுமினியக் குழாய், அதே மாதிரி நூறு டார்ச் பார்த்திருப்பீர்கள். ஆனால் உள்ளே எந்த எல்.இ.டி., அதற்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவர் எத்தனை ஆம்பியர் என்று எழுதித்தான் விற்கிறார்கள், அந்த டிரைவரும் எல்.இ.டி.யும் ரிஃப்ளெக்டரும் தனியாகவும் வாங்கலாம், கெட்டுப் போனால் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதை நாங்கள் எல்லோரும் நம்புகிறோம், வடிவம் யாருடையது என்று மாமா கூட ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் 2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் சீனக் கடைகளில் நேராக வாங்க உதவிய அலி எக்ஸ்பிரஸும் ஒன்று, அதற்குப் பிறகு இந்த மாதிரி நேர்மையான மலிவுச் சரக்கை நேராக வாங்குவது கஷ்டமாகிவிட்டது. அந்த இடத்தை மார்க்கெட்டில் நிரப்புவது 10,000 லூமன் பெட்டிகள்தான்.

அதனால் கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு நான் சொல்வது: அந்த ஷென்ஜென் நிறுவனத்தை நீங்களும் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. ஆனால் நகல் அடித்ததற்காக மட்டும் ஒதுக்காதீர்கள், எல்.இ.டி.யைச் சொல்லாமல் மாற்றியதற்காகவும் அளக்காத லூமனை அளந்ததாகப் போட்டதற்காகவும் ஒதுக்குங்கள். பெரிய பிராண்டு இந்த வேலையைச் செய்தாலும் அதே தண்டனைதான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நம் பேப்பரின் வரி விளம்பரப் பக்கத்திலேயே '5 கி.மீ. வெளிச்சம், ராணுவ டார்ச்' என்று விளம்பரம் வருகிறது. 5 கி.மீ. என்றால் அறுபத்திரண்டரை லட்சம் கேண்டெலா. நம் பேப்பரில் வந்ததால் நம்பி வாங்குகிற பெரியவர்கள் தாராவியிலும் கோலிவாடாவிலும் நிறைய இருக்கிறார்கள். விளம்பரம் கொண்டு வருகிறவரிடம் கேண்டெலா எவ்வளவு, 30 விநாடியில் லூமன் எவ்வளவு, செல்லின் பி.ஐ.எஸ். எண் என்ன என்று கேளுங்கள். சொல்ல முடியாதவர் விளம்பரத்தைப் போடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம், அடுத்தடுத்த முறை 50 லட்சம்வரை. வாசகர்கள் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

உங்களுக்கு விளம்பரத்துக்கு வருகிற டார்ச்சில் ஒன்றிரண்டை எங்களுக்குக் கொடுத்தனுப்பினால் செம்பூரில் குழாயில் வைத்து அளந்து, செல்லை எடை போட்டு, எழுதித் தருகிறோம். காசு எதுவும் வேண்டாம். எந்த நிறுவனத்தின் டார்ச்சாக இருந்தாலும் வருகிற எண்ணை மாற்றாமல் அச்சிட வேண்டும், அது மட்டும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
சயான் கோலிவாடா, மும்பை